கையெழுத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை

மார்ச் 11

டாக்டர் எஸ்தர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அடுத்த முறை போகும்போது “அசதியா இருக்கு” என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாதாம். எப்போது தூங்கினேன், எதற்கு மூச்சு வாங்கியது என்று இரண்டு வரியாவது வேண்டுமாம். முதல் பக்கத்தில் பெயர், வயது, வேலை எல்லாம் வரவேண்டுமாம்.

சண்முகக்கனி. நாற்பத்து நான்கு வயது. கோவில்பட்டியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எட்டயபுரம் ரோட்டில் அப்பா என் பேரில் எழுதிவைத்த இடம்தான் மைதானம். கரிசல் மண், மழை பெய்தால் சக்கரம் புதையும் என்று சரள் அடித்துச் சமப்படுத்தியிருக்கிறேன். கூடமாட ஜெயக்கொடி இருக்கிறாள். என்னிடமே வண்டி பழகி என்னிடமே வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்காரர் தங்கமாரியப்பன், நூல் மில்லில் மேஸ்திரி. மகள் யாழினி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

நோயின் பெயர் ஹாஷிமோட்டோ. கண்டுபிடித்த ஜப்பான் டாக்டருடைய பெயராம். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியை உடம்பே எதிரி என்று நினைத்து அடிக்கிறது, அடி வாங்கி அடி வாங்கி அது சோர்ந்துபோகிறது என்று சொன்னார். டி.எஸ்.எச். என்று ஒரு அளவு. ஐந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு. சுரப்பி சோர்ந்தால் இந்த எண் ஏறும், தைராய்டுச் சத்து உடம்பில் கூடினால் இறங்கும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

மார்ச் 14

மாத்திரை போட்டேன். மைதானத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தேன். வண்டிக்குப் பின்னால் ஓடியதெல்லாம் ஜெயக்கொடிதான்.

மார்ச் 23

ஊரே வெயிலில் காய்கிறது, நான் ஃபேனை நிறுத்தச் சொல்கிறேன். இவர் நிறுத்திவிட்டு வெறும் தரையில் படுத்துக்கொண்டார். தலை வாரினால் சீப்பில் பந்து பந்தாக முடி. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டுவிட்டார்.

ஏப்ரல் 2

மதியம் தூங்கிவிட்டேன். இவர் வந்து எழுப்பினாராம், எனக்குத் தெரியவில்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னங்க என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். ராத்திரிக்குக் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

ஏப்ரல் 9

கொழுந்தன் ஜெயபால் வந்திருந்தார். இவருடைய தம்பி. தண்ணீர் கேன் வியாபாரம். லாரி நிறுத்தவும் கேன் அடுக்கவும் அவருக்கு இடம் பத்தவில்லை, நம் மைதானத்தைப் பத்து வருஷக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று இவர் சொன்னார். நான் வீட்டில் இருந்து உடம்பைப் பார்க்கலாம், மூன்று வண்டியையும் விற்றுவிடலாம் என்றார். ஜெயபால் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்றேன். சரி என்று சொல்வதுதான் சுலபமாக இருந்தது. அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நல்லதுதான். வெயிலில் நிற்க வேண்டாம். நல்லதுதான்.

ஏப்ரல் 24

டி.எஸ்.எச். இருபத்தாறு. இறங்கியிருக்கிறது, போதாது. மாத்திரை நூறு ஆனது.

மே 17

யாழினி லீவுக்கு வந்து போனாள். மைதானத்தைக் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னதும், “நீ சரின்னு சொன்னியாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

ஜூன் 6

பதினேழு. டாக்டருக்குத் திருப்தியில்லை. நூறு போட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்றார். வெறும் வயிற்றில்தானே போடுறீங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாத்திரையை நூற்று இருபத்தைந்தாக்கினார். பத்து வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஜூன் 8

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தார். எறும்பு எழுத்து. ஜன்னல் பக்கம் போய் நின்று பாதி படித்தவர், என்னைக் கூப்பிட்டார். காலையில் மாத்திரையை எதோடு போடுகிறாய் என்றார். காபியோடு என்றேன். மூட்டு வலிக்குப் போடுகிற கால்சியம் மாத்திரையையும் அப்போதே சேர்த்துப் போட்டுவிடுகிறேன், ஒரே வேலையாக முடிந்துவிடும் என்றேன்.

“வெறும் வயிறுன்னா காபியும் இல்லாத வயிறு, கனி.”

காபி சாப்பாட்டில் சேராது என்று நினைத்திருந்தேன். காபியும் கால்சியமும் இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். நாளையிலிருந்து எழுந்ததும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் ராத்திரிதான். காபியை நானே போட்டுத் தருகிறேன், நீ போட்டால் நேரம் பார்க்க மாட்டாய் என்றார்.

டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 27

இன்றைக்கு ஸ்டூலில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ஜூலை 12

பத்திரம் எழுதுகிறவரிடம் இவர் பேசிவிட்டு வந்தார். குத்தகைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயபாலின் மனைவி, ஆடி பிறக்கப் போகிறது, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். சரி, ஆவணியில் பார்க்கலாம்.

எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. ஆடி மாதம் நல்ல மாதம்தான்.

ஜூலை 21

பரணைச் சுத்தம் செய்தேன். திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். மைதானத்துக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். புதிதாகச் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பித்தேன், மூன்று பேர் சேர்ந்தார்கள். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாளும் ஒருவர். ஐம்பது வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லையாம்.

கொடுக்கப்போகிற இடத்தின் கேட்டுக்கு எதற்குப் பெயிண்ட் என்று ஜெயக்கொடி கேட்டாள். துருப்பிடித்திருந்தது, அடித்தேன்.

தூக்கம் குறைவுதான். தேவைப்படவும் இல்லை.

ஜூலை 29

மைதானத்தைக் கொடுக்க மாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

“அன்னைக்குச் சரின்னு சொன்னேல்ல?” என்றார்.

“அப்ப எனக்குத் தைராய்டு.”

“இப்பவும் தைராய்டுதான்.”

கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். அவர்மேல் இல்லை, சுவரில். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். நெஞ்சு படபடவென்று வெகுநேரம் அடித்தது.

ஆகஸ்ட் 2

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ஜெயபால் டேப்போடு மைதானத்துக்கு வந்தார். ஆவணிக்கு முன்னால் ஷெட்டுக்கு அளவெடுக்க வேண்டும் என்றார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படிக்கிற பெண்கள் எல்லாரும் பார்க்க, “அண்ணன் பொண்டாட்டி படுத்துட்டான்னதும் இடத்தைப் புடுங்க வந்துட்டீகளோ?” என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் டேப்பைச் சுருட்டினார். “வாரேன் மதினி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டேனா? பேச்சியம்மாள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரைத் திருகி வேலியில் போய் முட்டினார். எல்லாரும் முதல் மாதத்தில் செய்வதுதான். நானே ஆயிரம் பேருக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்ததுதான். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது?” என்று கத்திவிட்டேன். என் வாயிலிருந்தா அது வந்தது? அவர் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார், பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார்.

ஜெயக்கொடி வந்து என் கையைப் பிடித்தாள். “அக்கா, கை நடுங்குது பாருங்க” என்றாள். பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 5

நாள் வருவதற்கு முன்பே போய் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு. இப்போது தலைகீழ். காபி, கால்சியம் விஷயத்தை இன்றைக்குத்தான் டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நூறே எனக்குப் போதுமான அளவுதானாம், காபிதான் அதைச் சேரவிடவில்லையாம். தடையை எடுத்துவிட்டு மருந்தையும் கூட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும், இதயம் படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், சுள்ளென்று கோபம் வரும் என்றார். மறுபடி நூறு.

அவரிடம் ஒன்று கேட்டேன். மாத்திரை பத்தாதபோது எதைக் கேட்டாலும் சரி என்றேன், மாத்திரை கூடினபோது எதைக் கேட்டாலும் சண்டை போட்டேன், இதில் எது நான் என்று.

“கோபம் உங்களோடதாத்தான் இருக்கும். சத்தம் வேணா மாத்திரையோடதா இருக்கலாம்” என்றார். பெரிய முடிவு எதையும் இப்போது எடுக்க வேண்டாம், இந்த அளவு உடம்பில் நிலைக்கட்டும், ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 9

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். அன்றைக்குப் பேசியது தப்பு என்றேன். மாத்திரையால் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள் என்று அவரே சொன்னார். மூன்று ஊர் அங்கன்வாடிக்கு ஒரே ஆளாகப் போய்வர வேண்டியிருக்கிறது, பஸ்ஸுக்கு நின்று நின்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆறிவிடுகிறது, அதற்குத்தான்.

நாளையிலிருந்து வருகிறார்.

ஆகஸ்ட் 23

ஆவணியில் நல்ல நாள் பார்த்தாயிற்று, என்ன சொல்கிறாய் என்று இவர் கேட்டார். அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது வந்த பிறகு சொல்கிறேன் என்றேன்.

“ஒரு கையெழுத்துக்கு ரத்த டெஸ்ட்டா?”

“ஆமா.”

அவர் எழுந்து போனார். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மணி பார்த்துத்தான் வைத்தார்.

ஜெயபால் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை.

செப்டம்பர் 4

படபடப்பு இல்லை. நடுக்கம் இல்லை. ராத்திரி தூங்கினேன். மாவு அரைத்தேன். மூன்றாவது வண்டிக்கு பிரேக் ஒயர் மாற்றினோம். பேச்சியம்மாள் எட்டு போட்டுப் பழகுகிறார், பாதி எட்டு வருகிறது.

செப்டம்பர் 13

இன்று வகுப்புக்கு விடுமுறை. ஆனாலும் மைதானத்துக்குப் போனேன். கேட்டைத் திறந்து உள்ளே போய் நடுவில் நின்றேன். ஏப்ரலில் இருந்த அசதியும் இல்லை, ஆகஸ்டில் இருந்த வேகமும் இல்லை. வெயில் வெயிலாக இருந்தது. இந்த இடத்தில் லாரி நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். நீலக் கேன்கள் வரிசையாக அடுக்கியிருப்பதாக நினைத்துப் பார்த்தேன். என்னை வீட்டில் வைத்தும் நினைத்துப் பார்த்தேன்.

அப்புறம் தரையில் கிடந்த சாக்லேட் காகிதங்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 19

இரண்டு புள்ளி நான்கு.

டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு, நிறுத்தக் கூடாது, கொஞ்சம் அசதி அப்பப்போ வந்து போகும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தேன். பிறகு ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன். எண்ணைப் பார்த்தார். நார்மலா என்று கேட்டார். நார்மல் என்றேன்.

“மைதானத்தைக் குடுக்க மாட்டேங்க. சாயங்கால வகுப்பை விட்டுடுறேன், அது என்னால முடியாது. ஜெயக்கொடிக்குப் பாதிப் பொறுப்பு குடுக்கப்போறேன். ஆனா இடத்தைக் குடுக்க மாட்டேன்.”

என் குரல் எனக்கே கேட்டது. சாதாரணமாக இருந்தது. பாத்திரத்தை எடுத்துக் கழுவப்போட்டேன்.

சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் ரிப்போர்ட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். உன் கொழுந்தனுக்கு என்ன சொல்ல என்று கேட்பார் என்று பார்த்தால் கேட்கவில்லை. ஜெயபாலுக்கு இடம் வேண்டுமென்றால் வேறு எங்கேயாவது பார்க்கட்டும், என் இடத்தின்மேல் ஏன் கண் வைத்தார் என்று நானே ஆரம்பித்தேன்.

“அவன் கேக்கல” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அவன் கேக்கல, கனி. நான்தான் எடுத்துக்கோடான்னு அவன் கைல கால்ல விழாத குறையாச் சொன்னேன். அவனுக்கு பைபாஸ் பக்கத்துலயே இடம் வந்துச்சு. அதை விட்டுட்டு இதை எடுன்னு சொன்னேன்.”

எதற்கு என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஏப்ரலில் ஒரு மதியம் வந்து எழுப்பியபோது நான் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினார், தண்ணீர் தெளித்தார். நான் போய்விட்டேன் என்றே நினைத்துவிட்டாராம். நான் அப்புறம் கண்ணைத் திறந்து “என்னங்க” என்று கேட்டேனாம். அன்றைக்கு முடிவு பண்ணினாராம், இவள் இனி வெயிலில் வண்டிக்குப் பின்னால் ஓடக் கூடாது என்று. என்னிடம் சொன்னால் கேட்க மாட்டேன் என்று தம்பிக்கு இடம் வேண்டும் என்று சொன்னாராம்.

“அவரை அத்தனை பேர் முன்னாடி நான் பேசினேனே. அப்பக்கூடச் சொல்லலையே நீங்க.”

“எப்படிச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். கை நடுங்கவில்லை.

“பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு என் இடத்தை எடுத்துக் குடுக்காதீங்க.”

நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வர நேரமாயிற்று.

செப்டம்பர் 20

காலையிலேயே ஜெயபால் வீட்டுக்குப் போனேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

ஜெயபால் லாரிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மோட்டாரை நிறுத்தினார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளேயே இருந்துகொண்டாள். எனக்கு நேற்றுத்தான் தெரியும் என்றேன். புடுங்க வந்தீகளோ என்று கேட்ட வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை என்றேன்.

“விடுங்க மதினி. அண்ணன் அழுதான். எங்க அம்மா செத்தப்பக்கூட அவன் அழுது நான் பாக்கல. அதான் சரின்னேன்.”

பைபாஸ் பக்கத்து இடம் என்னாயிற்று என்று கேட்டேன். அது வேறு ஆளுக்குப் போய்விட்டது. வேறு பார்த்துக்கொள்கிறேன் என்றார். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

“ஆனா அந்தப் பேச்சு எனக்கு வலிச்சுது, மதினி. இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பேசவில்லை, ஆனால் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 7

பேச்சியம்மாளுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இனிப்பு கொண்டுவந்தார்.

ஜெயக்கொடி காலை வகுப்பை முழுக்க எடுத்துக்கொண்டாள். நான் பத்து மணி வகுப்புக்குப் போகிறேன். நேற்று அசதி, படுத்துவிட்டேன். இன்று சரி.

அக்டோபர் 22

இவர் என்னோடு பேசுவதெல்லாம் சாப்பாடு, கரண்ட் பில், யாழினி. அதற்குமேல் போவதில்லை. நானும் போகவில்லை.

நவம்பர் 3

டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொன்னார். இன்னொரு முறை விழுங்கச் சொன்னார். இடதுபக்கம் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு இப்படி வருவது உண்டு, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சரி, போவோம் என்றார்.

நவம்பர் 6

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. சுரப்பி வீங்கி மேடு பள்ளமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். அதை முதலில் எழுதிவிட்டு, காலையில் நடந்ததை எழுதுகிறேன்.

ஸ்கேன் சென்டரில் கூட்டம். பெஞ்சில் இடம் கிடைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதிரே டிவியில் சமையல் நிகழ்ச்சி, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்குப் பயமா இருக்கு, கனி.”

நான் திரும்பிப் பார்த்தேன். முகம் வேர்த்திருந்தது. உள்ளே ஏசி.

“எனக்கும்தான்” என்றேன்.

அதுவரை எனக்குப் பயம் இருப்பதை நானும் யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் குறிப்பில்கூட எழுதவில்லை.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகு மில்லில் டீ குடிக்க விடுகிற நேரத்தில் தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே வரமாட்டாராம். ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பாராம். நான் படுத்திருந்தால் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாராம். ஏறி இறங்கினால் அப்படியே திரும்பிப் போய்விடுவாராம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி, உங்க வீட்டையே எட்டிப்பாக்கீக என்று கேட்டாராம். சாவியை மறந்துட்டேன் என்று சொன்னாராம். நான் எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நாட்களில்கூட வந்திருக்கிறார். ஜூலையில் ஒரு நாள் ஜன்னலில் பார்த்தால் நான் பரணில் ஏறி நின்றுகொண்டிருந்தேனாம், அதைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டாராம். பரணில் நின்று கீழே விழுந்தால் என்ன செய்வது, உள்ளே வந்து பிடிப்பதா, வந்தால் ஏன் வந்தீங்க என்று கேட்பாளே, என்று ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அப்போது உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் காதில் விழவில்லை, சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். வாரேன் என்று கையைக் காட்டிவிட்டு, அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.